வாயாடியின் மூக்கில் குடியிருந்த கிருமி

பன்றிப் பண்ணையில் அவளுக்கு வாயாடி என்று பெயர். பிரசவக் கொட்டகைக்குள் காலை வைத்ததுமே பேச்சு ஆரம்பித்துவிடும். "என்னடி, முகம் ஏன் இப்படித் தொங்குது? இடுப்பு வலியா?" என்று சினைப் பன்றியின் காதுக்குப் பின்னால் சொறிந்துவிடுவாள். மூச்சு விடாமல் பிறந்த குட்டியைக் கவிழ்த்துத் தட்டி, கோழையைத் துடைத்து, அதன் மூக்கில் தன் வாயை வைத்து ஊதுவாள். அது ஒரு கத்துக் கத்தினால் போதும். "அப்பாடி, என்னைவிடப் பெரிய வாயாடி வந்தாச்சு" என்று சிரிப்பாள்.

அவள் கணவர் தையல்காரர். கேட்ட கேள்விக்குத் தலையாட்டுவதோடு சரி. "துணியோட சேர்த்து வாயையும் தைச்சுக்கிட்டார்" என்று அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பாள்.

ஒரு மழை நாளில் அவர் கடைப் படியில் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அறுத்து, உள்ளே கம்பி வைத்துத் தைத்து அனுப்பினார்கள். வீட்டில் கட்டு மாற்றும் வேலை அவளுடையது. பண்ணையிலிருந்து வந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் அவரைத் தொடுவாள். அப்படியும் புண் ஆறவில்லை. சீழ் வைத்தது, காய்ச்சல் கொதித்தது. மாத்திரையை மாற்றினார்கள், ஊசியை மாற்றினார்கள், எதற்கும் அசையவில்லை.

டாக்டரம்மா சீழைச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் அவளைக் கூப்பிட்டார்.

"வீட்டுல யாராவது ஆடு, மாடு, பன்னியோட வேலை செய்யறாங்களா?"

"நான்தான். ஏன் டாக்டர்?"

பஞ்சு சுற்றிய குச்சியை அவள் மூக்குக்குள் விட்டு ஒரு சுழற்றுச் சுழற்றி எடுத்தார்கள். கணவர் தொடையில் இருந்த அதே கிருமி அவள் மூக்கிலும் இருந்தது.

"குட்டிங்களுக்கு நோய் வராம இருக்கணும்னு தீவனத்துல மருந்து கலக்கறாங்க இல்லையா?" என்றார் டாக்டரம்மா. "அதுல சாகற கிருமி செத்துடும். தப்பிச்சது மட்டும் பெருகும். அப்புறம் அந்த மருந்தும், அதே இனத்துல மனுஷங்களுக்குக் கொடுக்கறதும் அதுகிட்ட பலிக்காது. பன்னிங்ககிட்ட இருந்து உங்க மூக்குக்கு வந்து அது சும்மா இருக்கும், உங்களுக்கு ஒண்ணும் செய்யாது. ஆறாத புண்ணு கிடைச்சா உள்ள இறங்கிடும்."

"அப்போ நான்தான் அவருக்குக் கொடுத்தேனா?"

"இருக்கலாம். உங்க மேல தப்பு இல்லம்மா. தெரிஞ்சா செஞ்சீங்க?"

அன்றிலிருந்து அவள் வாய் அடைத்துப்போனது. பண்ணைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, தன் பாயையும் தட்டையும் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குக் குடிபெயர்ந்தாள். கட்டு மாற்ற நர்ஸ் வந்துபோனார். சாப்பாட்டைக் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவள் ஓடிவிடுவாள். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த தையல்காரர் மூன்றாம் நாள் சத்தம் போட்டார்.

"ஏய், இங்க வா. காய்ச்சலைக்கூடத் தாங்கிடுவேன், இந்த வீட்டோட அமைதியைத் தாங்க முடியல. அந்த வாசற்படியிலயாவது உட்கார்ந்து ஏதாவது பேசு."

அவள் படியில் உட்கார்ந்து அழுதாள். பிறகு, அழுதுகொண்டே பேசினாள்.

பழைய கம்பியை எடுத்தார்கள். இன்னும் வேலை செய்யும் ஒரே ஒரு மருந்தை வாரக்கணக்கில் ரத்தத்தில் ஏற்றினார்கள். புதுக் கம்பி வைப்பதற்குள் வீட்டையும் சுத்தம் செய்யச் சொன்னார்கள். அவள் மூக்குக்குக் களிம்பு போட்டாள், மருந்துத் தண்ணீரில் குளித்தாள், போர்வைகளைக் கொதிக்கும் நீரில் அலசினாள். அடுத்த சோதனையில் மூக்கில் கிருமி இல்லை.

ஆனால் பண்ணைக்குத் திரும்பினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். அவள் முதலாளியம்மாவிடம் போய் நின்றாள்.

"அம்மா, தீவனத்துல கலக்கற அந்த மருந்துப் பொடியை நிறுத்திடுங்களேன்."

"நிறுத்தினா பால் மறந்த குட்டிங்க பேதியாகிச் செத்துடுமே. உனக்குத் தெரியாதா?"

"தெரியும். நான்தானே எடுத்துப் புதைக்கிறேன். தாய்கிட்ட இன்னும் கொஞ்ச நாள் விட்டு வைப்போம். கொட்டகையில இந்த நெருக்கடியைக் குறைப்போம், தரையைக் காய வைப்போம். நோய் வந்ததுக்கு மட்டும் மருந்து கொடுப்போம். முதல்ல நீங்களும் உங்க மூக்கைக் காட்டிட்டு வாங்க."

"என் மூக்குக்கு என்ன வந்தது?" என்று முதலாளியம்மா எரிந்து விழுந்தார். ஆனாலும் போய்க் காட்டினார். அவருக்கும் இருந்தது. அதன்பிறகு கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டுப் பேசி, ஒரே ஒரு கொட்டகையில் மட்டும் பொடியை நிறுத்தினார். முதல் ஈற்றில் வழக்கத்தைவிட அதிகமாகவே குட்டிகள் செத்தன. வாயாடி அவற்றைப் புதைத்துவிட்டு, ஓரமாக நின்று மூக்கைச் சிந்தினாள். இடத்தை அகலப்படுத்திய பின் வந்த ஈற்றில் சாவு குறைந்தது. மற்ற கொட்டகைகளில் பொடி இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

தையல்காரர் கால் கொஞ்சம் குட்டையாகிப்போனாலும் நடக்கிறார். அவர் புண் முழுக்க மூடிய பிறகே அவள் பண்ணை வேலைக்குத் திரும்பியிருந்தாள். பண்ணையிலேயே குளித்து, உடை மாற்றி, செருப்பையும் அங்கேயே விட்டுவிட்டு வருகிறாள். டாக்டரம்மா சொன்னதுபோலவே கிருமி மறுபடி அவள் மூக்குக்கு வந்து சேர்ந்தது.

போன மாதம் பல் பிடுங்கப் போனாள். உட்காரும் முன்பே, "தம்பி, என் மூக்குல ஒரு முரட்டுக் கிருமி குடியிருக்கு. கையுறை, முகமூடி எல்லாம் போட்டுக்கிட்டு வாங்க" என்றாள். காத்திருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். பல் டாக்டர் மட்டும், "சொன்னதுக்கு நன்றிம்மா. வாயைத் திறங்க" என்றார்.

"அதுக்கா சொல்லணும்?" என்றார், துணைக்கு வந்திருந்த தையல்காரர்.