முழங்கையில் வளர்ந்த எலும்பு

கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயின் வாசனை எங்கிருந்தாவது வந்தால், இந்த வயதிலும் என் வலது தோள் தானாகவே பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது. அது என்ன வாசனை என்பது அப்புறம்தான் புத்திக்கு எட்டும்.

மூன்றாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில், திருப்பூரில் எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் அடுக்கியிருந்த பனியன் வேஸ்ட் மூட்டைகள்மேல் ஏறிக் குதித்தபோது விழுந்து, வலது முழங்கை மூட்டு நழுவிவிட்டது. மாவுக்கட்டைப் பிரித்தபோது கை பாதி மடங்கியபடி நின்றது. "எண்ணெய் போட்டு உருவாதீங்க, புள்ளையே மெதுவா மடக்கி நீட்டிப் பழகட்டும்" என்றார் டாக்டர். "சரிங்க டாக்டர்" என்று அப்பா சொன்ன பணிவைப் பார்த்தால் யாரும் நம்பத்தான் செய்வார்கள்.

அம்மாவுக்கு டாக்டர் சொன்னது கிறுக்குத்தனமாகப் பட்டது. பனியன் கம்பெனியில் "செக்கிங்" மேசை முன்னால் பகலெல்லாம் நின்று, கெண்டைக்கால் கல்லாகிப்போய் வீடு வருவாள். அப்பா எண்ணெய் தொட்டு உருவிவிட, சதை இளகி, தோல் சிவந்து, மூச்சு நிதானமாகி, பேச்சின் நடுவிலேயே தூங்கிவிடுவாள். ரத்தம் ஓடுவதையும் வலி விலகுவதையும் தன் உடம்பிலேயே கண்டவளிடம் எந்த டாக்டரின் பேச்சு எடுபடும்? "பொட்டப்புள்ளை பாருங்க, கை இப்படியே நின்னுபோச்சுன்னா நாளைக்கு ஆருங்க கட்டுவாங்க?" என்று அப்பாவிடம் கேட்டாள். அதோடு முடிவாகிவிட்டது.

தினமும் காலையில் அப்பா என் தோளைத் தரையோடு அமுக்கிப் பிடிப்பார். அம்மா சுடச்சுடக் கற்பூர எண்ணெய் ஊற்றி, கட்டைவிரலால் அழுத்தி உருவி, கடைசியில் மணிக்கட்டைப் பிடித்து வெடுக்கென்று மடக்குவாள். நான் கத்துவது வரிசை முழுக்கக் கேட்கும். "இன்னுங் கொஞ்சந்தான் கண்ணு, கண்ணாலத்துல வளவி போடோணுமல்லோ" என்று அவளும் அழுவாள். அந்த அழுகை அவள் பிடியை ஒருநாளும் தளர்த்தியதில்லை. முழங்கை வீங்கி, தொட்டால் கொதிக்கும். "பாருங்க, ரத்தம் பாயுது" என்று அப்பாவுக்குச் சந்தோஷமாகக் காட்டுவாள். மடங்குவது குறையக் குறைய, சூட்டையும் அழுத்தத்தையும் கூட்டினார்கள். ஒரு பகையாளிக்கு இத்தனை சிரத்தையாகக் கெடுக்க வராது.

கை அசையவே மாட்டேன் என்றான பிறகு அதே டாக்டரிடம் போனோம். படம் எடுத்துப் பார்த்தவர், சதைக்குள் எலும்பு வளர்ந்து மூட்டைப் பூட்டிவிட்டது என்றார். அலுத்த காலுக்கு இதம் தருகிற அதே அழுத்தம், ஆறாத மூட்டில் சதையை மறுபடி மறுபடி காயப்படுத்தி, கசிந்த ரத்தத்தோடு அங்கேயே எலும்பாக இறுகவைத்துவிடுமாம். "உருவுனீங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க டாக்டர்" என்றார் அப்பா, பழைய பணிவு குறையாமல்.

அந்த வரிசை வீடுகளை இடித்துவிட்டு இப்போது கம்பெனி வேன்களை நிறுத்துகிறார்கள். அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடித்து, கையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு அப்படி வருகிறவர்களும் இல்லாமல் போனார்கள். இன்று வீட்டுக்கு வருவது உறவுக்காரர்கள் மட்டும்தான். அவர்களுக்குப் பரிமாறிக்கொண்டே அம்மா சொல்லுவாள்: "வலி தாங்காம இவ கத்துனா, பாவம்னு நிறுத்திப்போட்டோமுங்க. இன்னுங் கொஞ்ச நாள் உருவியிருந்தா கை சரியாயிருக்கும்." வந்தவர்கள், இடது கையால் சோற்றைப் பிசைகிற என் பக்கம் திரும்பி, "நீ அன்னைக்குக் கொஞ்சம் பொறுத்திருக்கலாமல்லோ?" என்பார்கள்.