ரிலீவர் வரும்வரை

தங்கை மகன் நேற்றுத் தொலைபேசியில் புலம்பினான். பழைய கம்பெனி இன்னும் ரிலீவிங் ஆர்டர் தரவில்லை. அது கைக்கு வராமல் புதிய இடத்தில் சேர முடியாது. "வுடவும் மாட்றாங்க, வச்சுக்கவும் மாட்றாங்க பெரிம்மா. ஒரே பேஜாரு." ஆறுதலாக ஏதோ சொல்லிவிட்டு அகராதியை எடுத்தேன். பிறர் துன்பத்தைக் கேட்டதும் சொல்லின் வேரைத் தேடப் போகிறவள் நான். இதற்காக வீட்டில் நான் வாங்காத ஏச்சில்லை.

'ரிலீவ்' என்ற சொல்லின் இலத்தீன் வேருக்கு, தாழ்ந்ததை மறுபடி தூக்கிவிடுதல் என்று பொருள். சுமையை இலேசாக்குதல் என்றும் கொள்ளலாம். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து அது போட்ட வேடங்கள்தாம் எத்தனை! தைலம் தடவியதும் தலைவலி விட்டால் ரிலீஃப். ஆரணியாறு பெருகிய ஆண்டுகளில் பள்ளிக்கூட வாசலில் கொடுத்த அரிசியும் புடவையும் ரிலீஃப். கற்பரப்பிலிருந்து எழும்பி நிற்கும் புடைப்புச் சிற்பமும் அதுவே. விருந்து முடிந்து எடுத்துவைத்த மிச்ச உணவுக்கும் ஒரு காலத்தில் அந்தப் பெயர் இருந்ததாம்.

ஆனால் நான் அதை முதலில் அறிந்தது என் தோளில்.

இருபது வயதில், புதுவாயலுக்கு அப்பால் இருந்த ஒரு கண்ணாடிப் பாட்டில் தொழிற்சாலையில் சேர்ந்தேன். வெளிச்சத் திரையின் முன்னால் பாட்டில்கள் ஓடும். விரிசலும் உடைசலும் கண்டு பொறுக்கிப் போடவேண்டும். அரைமணிக்கு மேல் பார்த்தால் கண் பொய் சொல்லத் தொடங்கிவிடும். ஆகவே மாற்றி உட்கார ரிலீவர் வருவாள். அவள் பேசக்கூடாது, பேசினால் பார்வை திரும்பும். பின்னால் நின்று தோளில் கை வைப்பாள். அந்தக் கை பட்ட பிறகே எழலாம். இன்றும் யாராவது பின்னாலிருந்து தொட்டால் என் கண்கள் தாமாக மூடிக்கொள்கின்றன.

எனக்கு இணை நாகம்மா அக்கா; அரைமணிக்கொரு தரம் ஒருவரையொருவர் மாற்றிவிடுவோம். கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால் குடியிருந்தார். அப்போது நான்கு மாதக் கர்ப்பம். நான் ஓய்வறையில் வாரப் பத்திரிகையும் கையுமாக இருப்பதை அவர் கேலி செய்யாத நாளில்லை. "இன்னாம்மே, உன் கதையில அந்தப் பொண்ணு அழுது முடிச்சிச்சா? இங்க எனக்குக் கண்ணுல தண்ணி கொட்டுது."

அன்றும் படித்துக்கொண்டிருந்தேன். கதாநாயகியை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தும் கட்டம். இன்னும் ஒரு பக்கம்தானே என்று இருந்ததில் பத்து நிமிடம் போயிற்று. திரும்பியபோது திரையின் முன் யாருமில்லை. பாட்டில்கள் தம்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. அக்கா குழாயடியில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

வாய் உடைந்த பாட்டில்களோடு ஒரு பெட்டி மறுவாரம் திரும்பி வந்தது. அதன்மேல் பாட்டில் அடைத்த நேரம் குறித்திருந்தது. சூப்பர்வைசர் எங்கள் இருவரையும் நிற்கவைத்தார்.

"ரிலீவர் வராம ஏம்மா எழுந்த?"

"வயித்தப் பிரட்டிச்சு சார்."

"இவ லேட்டா வந்தாளா?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. "கரெக்டாத்தான் சார் வந்தா. நான்தான் முன்னாடியே எழுந்து பூட்டேன்."

அந்த மாதம்தான் என்னை நிரந்தரமாக்குவதாக இருந்தார்கள். அது அக்காவுக்குத் தெரியும்.

அவருக்கு வேலைநீக்கக் காகிதம் கொடுத்து அனுப்பிய அன்று, கேட்டுக்கு வெளியே ஓடிப் பிடித்தேன்.

"ஏன்கா அப்டி சொன்னே?"

"வயித்தத் தூக்கிக்கினு இன்னும் எத்தினி நாளு வரப்போறேன்? நீயாவது இரு." பிறகு சிரித்தார். "அந்தக் கதைப் பொண்ணு இன்னா ஆனா? கதவத் தொறந்தாங்களா?"

நிரந்தரமானதும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எண்ணியிருந்தேன். நிரந்தரமானேன். சொல்லவில்லை. அவரைத் தேடியும் போகவில்லை.

இப்போது அங்கே பாட்டில்களைக் கேமராக்கள் பார்க்கின்றனவாம். போன மாதம், இத்தனை காலத்துக்குப் பிறகு, கவரைப்பேட்டையில் இறங்கினேன். அக்கா குடியிருந்த வீட்டு வரிசை இருந்த இடத்தில் லாரிகள் நின்றன. டீக்கடைக்காரரிடம் கேட்டேன்.

"எந்த நாகம்மா?"

"பாட்டில் கம்பெனியில வேலை செஞ்சவங்க."

"அப்போ இங்க பாதிப் பொம்பளைங்க பாட்டில் கம்பெனிதாம்மா."

அன்று வயிற்றில் இருந்த பிள்ளைக்கு இப்போது முப்பது வயது கடந்திருக்கும். ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது.