சுத்தமான தெருவின் ரத்தம்

ரத்தம் எடுத்ததும் அக்கா குழாயைக் குலுக்க மாட்டாள். மூடியை அழுத்திவிட்டு, இரு விரல்களுக்கிடையில் பிடித்து மெல்லத் தலைகீழாகச் சாய்ப்பாள், நிமிர்த்துவாள், மறுபடி சாய்ப்பாள். தூங்கும் குழந்தையைக் கைமாற்றுகிற பதம். தம்பியிடம் அவள் காட்டிய மென்மை அவ்வளவுதான். அதுவும் ரத்தம் அவன் உடம்பைவிட்டு வெளியே வந்த பிறகு.

அக்கா உயிர்வேதியியல் ஆராய்ச்சியாளர். பழைய பேட்டரிகளை உருக்கும் பட்டறைகளின் நச்சு மனிதர்களை என்ன செய்கிறது என்பது அவளுடைய ஆய்வு. "இரும்பு துருப்பிடிக்குதுல்ல, அதுமாதிரி மனுஷனும் உள்ளுக்குள்ள துருப்பிடிப்பான்" என்பாள். ரத்தத்தின் தெளிநீரை ஒரு ரசாயனத்தோடு கொதிநீரில் வைத்தால், சேதம் கூடக்கூட இளஞ்சிவப்பு ஏறும். பட்டறைக்காரர்களோடு ஒப்பிட, நச்சு அண்டாதவர்களின் ரத்தமும் வேண்டுமே? தான் குடியிருந்த தெருவையே தேர்ந்தெடுத்தாள்.

தம்பி இருந்தது அவள் வீட்டு மாடியறையில். அவன் குடியால் மனைவி மகளைத் தூக்கிக்கொண்டு தாய்வீடு போய்விட்டாள். அவன் விட்டுவிட்டேன் என்றபோது, "நீங்க சத்தியமெல்லாம் பண்ணாதீங்க. உங்கக்கா சொல்லட்டும், மறுநாளே வரேன்" என்றாள் மனைவி. குடித்தாலும் அந்த நிறம் ஏறும் என்று அக்கா எப்போதோ சொன்னது ஞாபகம் வந்து, அவனாகத்தான் கையை நீட்டினான்.

மறுநாள் சாயங்காலம் அக்கா தம்பி மனைவியைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்ன வந்துச்சு அண்ணி?"

"என்னத்தச் சொல்ல. உன் புருஷன் ரோஜாவா பூத்திருக்கான்."

"அக்கா! நான் தொடவே இல்லக்கா!"

"நீ வாய மூடுடா. உன் ரத்தம் பேசிருச்சு. உன்னவிட அதுக்கு நாணயம் ஜாஸ்தி."

அந்தப் பக்கம் "அப்பாவாம்மா?" என்று ஒரு குரல். பிறகு மனைவி: "பொண்ணப் பாக்கவும் வர வேண்டாம்னு சொல்லிடுங்க அண்ணி."

"இன்னொரு தடவ பாரேன்க்கா."

"கெமிக்கல் என்ன பைப்பத் தொறந்தா கொட்டுதா? சாப்ட்டுட்டு தட்டக் கழுவி வை."

உள்ளங்கையில் ஊதி முகர்ந்து பார்த்தான். ஒன்றுமில்லை. தன்னையே நம்ப முடியவில்லை. சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். பிறகு, பழிதான் வந்தாயிற்றே என்று கடைக்குப் போனான். திரும்பி வந்தவனைக் கதவருகிலேயே மோப்பம் பிடித்தாள் அக்கா.

"பாத்தியா? நான் சொன்னப்ப கத்துன?"

ஆய்வு வெளிவந்தது. பட்டறைக்காரர்கள் சிவந்திருந்தார்கள், தெருக்காரர்கள் வெளிறியிருந்தார்கள். அக்காவுக்குப் பதவி உயர்ந்தது. தம்பியின் விவாகரத்துக்கு நாள் குறித்தார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு, ஆய்வகத்தில் அக்காவுக்கு உதவியாக இருந்த பெண், வேறு வேலைக்குப் போகுமுன் அவனைத் தேடி வந்தாள்.

"அன்னைக்கு உங்க தெருக் குழாய்கள்ல ரெண்டு சிவந்துச்சுண்ணே. ஒண்ணு உங்களோடது. இன்னொண்ணு மேடமோடதே. உங்க வீட்டுத் தண்ணியிலயோ காத்துலயோதான் கோளாறுன்னு அவங்க வாயாலதான் சொன்னாங்க. வெளிய தெரிஞ்சா தெரு சுத்தம்ங்கறதே பொய்யாயிடும், ஆராய்ச்சியே போயிடும்னு ரெண்டையும் அவங்களே கொட்டிட்டாங்க. அதுக்கப்புறம்தான் வீட்டுக்குக் கெளம்புனாங்க, உங்க சம்சாரத்துக்குப் போன் போடணும்னு."