இரண்டாவது வேன்காரர்கள்

பிள்ளைகளே, நான் பத்தாவதோடு நின்றவன். எழுதுவதில் முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாரணாபுரம் பக்கத்து வெடிக் கம்பெனியில் நான் போர்மேன் ஆன முதல் வருடம், உங்கள் அம்மா அங்கிருந்து வேலையை விட்டே போகப் பார்த்தாள். அந்தக் கதை இது.

எங்கள் கம்பெனியில் வேலை பிரிப்பது ரொம்ப எளிது. காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு இரண்டு வேன் வரும். முதலில் வருகிறவர்களுக்கு வேப்பமர நிழலில் பெட்டி போடும் வேலை, அதாவது பெட்டி ஒட்டி அதில் பட்டாசை அடுக்குவது. பிந்தி வருகிறவர்களுக்கு மருந்து அறை. அங்கே பூச்சட்டிக்குள், அதாவது புஸ்வாணத்துக்குள், வெடிமருந்து அடைக்க வேண்டும். மருந்தில் அலுமினியப் பொடி இருப்பதால், சாயங்காலம் தலைமுடி முதல் கால் நகம் வரை வெள்ளியாக மின்னுவார்கள். வெள்ளிக் கவசம் சாத்திய அம்மன்கள் வரிசையாக வேனில் ஏறுவதுபோல் இருக்கும்.

முதலாளியைக் கேட்டால், "முந்தி வர்றவுகளுக்கு முந்தி. இதுல என்ன ஓரவஞ்சனை?" என்பார். ஆனால் முதல் வேன் புறப்படுவது கம்பெனிக்கு அடுத்த ஊரில். இரண்டாவது வேன் ரயில்வே கேட்டைத் தாண்டி வர வேண்டும். எங்கள் முறை அந்த கேட்டுக்குத் தெரியாது. தினமும் சரியாக அந்த நேரத்தில் மூடிக்கொள்ளும்.

அந்த வேனில்தான் உங்கள் அம்மா வருவாள். நான் பைக்கில் முன்னாலேயே போய் அறைகளைத் திறக்க வேண்டும். பெண்டாட்டிக்குச் சலுகை செய்கிறான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, நிழலில் ஆள் குறைந்த நாளில்கூட அவளைக் கூப்பிடமாட்டேன். அதைத்தான் நேர்மை என்று நினைத்திருந்தேன்.

தீபாவளி ஆர்டருக்கு லோடு ஏற்ற ஒரு மாதம் இருந்தது. ஒரு சனிக்கிழமை தட்டில் சோற்றை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"ஏங்க, திங்கக்கெளமையில இருந்து நாங்க வேற கம்பெனிக்குப் போறோம்."

"நாங்கன்னா?"

"வேன் மொத்தமும். டிரைவரும்தான்."

"சீசன் நேரத்துல இப்படிப் பண்ணலாமா? மொதலாளி மொகத்துல நான் எப்படி முளிப்பேன்?"

"ஒங்களுக்காவது மொகம் இருக்கு. எங்களுக்கு ரெண்டு தடவ சோப்புப் போட்டாத்தான் மொகமே தெரியுது. நான் என்ன தப்புச் செஞ்சேன், ஒங்களக் கட்டிக்கிட்டதத் தவிர?"

பாதிச் சோற்றிலேயே எழுந்து கை கழுவினேன்.

ஞாயிறு காலையிலேயே முதலாளி வீட்டுக்கு ஓடினேன். "ஐயா, முறை வச்சுக்குவோம். ஒரு வாரம் நெழலு, ஒரு வாரம் மருந்து. எல்லாருக்கும் ஒண்ணுபோல" என்றேன்.

"எங்க அத்தைக்குமா?" என்றார்.

அவருக்குத் தூரத்து அத்தை ஒருவர் முதல் வேனின் முன் சீட்டில் வருவார். வருடக்கணக்காகப் பெட்டிதான் போடுகிறார்.

"மருந்து அடைக்க ஆளே இல்லாட்டி, அவுக மட்டும் காலிப் பெட்டியவா ஒட்டிக்கிட்டு இருப்பாக?"

"அப்ப நீயே அவுககிட்டச் சொல்லிரு" என்று முதலாளி உள்ளே போய்விட்டார்.

உங்கள் அம்மாவிடம் வந்து சொன்னேன். "ஒரு வாரம் பாக்கோம்" என்றாள். திங்கட்கிழமை இரண்டாவது வேன் எங்கள் கம்பெனி வாசலில்தான் நின்றது. அதில் வந்தவர்கள் நிழலுக்குப் போனார்கள். முதல் வேன்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே மருந்து அறைக்குப் போனார்கள்.

சாயங்காலம் முதலாளி காரை விட்டு இறங்கினார். எதிரே ஒரு வெள்ளி உருவம்.

"யாரும்மா நீ? புதுசா சேந்திருக்கியா?"

"ஏலே, ஒங்கத்தைலே! கை களுவ ஒரு கொளாய் இல்ல, மூக்குல கட்ட ஒரு துணி இல்ல. இங்கன இம்புட்டு நாளா ஆளுக எப்படிலே வேல பாத்தாக?"

மருந்து அறைக்காரர்கள் வருடக்கணக்காகக் கேட்டு வராத குழாய், வியாழக்கிழமை வந்துவிட்டது. கூடவே சோப்பும் மாஸ்க்கும்.

அதன்பிறகு இரண்டாவது வேன் ரயில்வே கேட்டில் அவசரப்பட்டு ஹாரன் அடிக்கவில்லை. மருந்துக்குப் பயந்து வயிற்றுவலி என்று யாரும் வீட்டில் படுக்கவில்லை. எல்லாருக்கும் இரண்டு வேலையும் கைவந்ததால், ஒருத்தர் வராவிட்டாலும் வேலை நிற்கவில்லை. லோடு சொன்ன நாளுக்கு முன்னாலேயே ஏறியது. முதலாளி இதைத் தன் யோசனை என்று சிவகாசி முழுக்கச் சொல்லிக்கொண்டார். சொல்லட்டும். ஆட்களுக்கு நியாயம் செய்தால் கம்பெனிக்கு நஷ்டம் என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன்தானே.

இதற்கிடையே, சுவரில் ஒட்டியிருந்த முறைப் பட்டியலை உங்கள் அம்மா விரல் வைத்துப் படித்தாள்.

"எல்லாரும் இருக்காக. நீங்க எங்க?"

"நான் போர்மேன்ல?"

"அதுக்கு?"

அடுத்த முறை அவள் நிழலுக்குப் போன வாரம், நான் மருந்து அறையில் உட்கார்ந்தேன். பத்துப் பேருக்கு உத்தரவு போட்ட வேலை எனக்கே வரவில்லை. ஒரு பூச்சட்டியில் மருந்து பிதுங்கியது, அடுத்ததில் பாதிதான் இருந்தது. மத்தியானத்துக்குள் நான் அடைத்தவை பெட்டி போடும் இடத்திலிருந்து ஒரு தட்டு நிறையத் திரும்பி வந்தன. பின்னாலேயே உங்கள் அம்மாவின் குரல் கம்பெனி முழுக்கக் கேட்டது.

"இத அடைச்சது யாருன்னு மட்டும் சொல்லுங்க. அவுகளுக்கு இன்னொரு வாரம் சேத்துப் போடச் சொல்லுவோம்!"