அரை லீற்றர் குறையுது

ஜெர்மனியின் பான் நகரில் நான் படித்த காலத்தில், ஓட்டுபவர் இறங்கத் தேவையில்லாத பெட்ரோல் நிலையம் எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அங்கே வேலை செய்தவர் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான உடம்பு, நீல மேலங்கி, காதில் ஒரு பென்சில். அப்பா எனக்கு விட்டுக்கொடுத்த பழைய காரைக் கண்டதும் ஓடிவருவார். பெட்ரோல் அடித்து, கண்ணாடி துடைத்து, பொனட்டைத் திறந்து எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவுவார்.

"அரை லீற்றர் குறையுது, பிள்ளை."

ஒவ்வொரு முறையும் இதேதான்! பழைய டின்கள் சேர்க்கும் எனக்கோ கொண்டாட்டம். கிடங்கில் மிஞ்சியிருந்த பழைய தகர எண்ணெய் டின் ஒன்றை உடைத்து ஊற்றிவிட்டு, காலி டின்னை என்னிடம் தருவார். அப்படி ஐந்து டின்கள் என் ஜன்னலில் வரிசையாக நின்றன. வகுப்பில் எல்லாரிடமும் அவரைப் புகழ்ந்து தள்ளினேன்.

பிறகு ஒருநாள் கார் புகை கக்கி நின்றது. எண்ணெய் அளவுக்கு மேல் ஏறி எஞ்சினே கெட்டுவிட்டது என்றார் மெக்கானிக்; கம்பியை முழுக்க இறக்காவிட்டால் குறைவாகத்தான் காட்டும் என்றும் சொன்னார்.

நடந்தே பெட்ரோல் நிலையத்துக்குப் போனேன். "அண்ணை, கம்பியை முழுக்க இறக்காமலோ பாத்தனீங்கள்?"

"ஓம்," என்றார், கொஞ்சமும் கூசாமல். "குறையேல்லை எண்டால் டின் உடைக்க ஏலாது. நீர் டின்னுக்குத்தானே வந்தனீர்?"

"உங்களை நம்பியெல்லோ வந்தனான்!"

கத்திவிட்டுத் திரும்பினேன். ஆனால் ஏமாற்றுகிற மனிதர் எதற்காக ஒவ்வொரு டின்னையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துடைத்துத் தந்தார்? அதுதான் இன்றுவரை எனக்குப் புரியவில்லை.