சோக் கம்பி சுடுகிறது என்று அண்ணன் சொன்னார்

மாமா, அண்ணன் இறந்த அன்று நீங்கள் ஊரார் முன்னால் சொன்னது பொய்.

"குடிச்சுப்போட்டு லைட்ட அணைக்காம உட்டான். பாட்டரி செத்துது. வண்டியத் தள்ளப் போயி அவனுஞ் செத்தான்" என்று பாடை கட்டும்போதே வாசலில் நின்று சொன்னீர்கள். வந்தவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். தலைத் திவசத்துக்குப் போடும் இந்த நினைவு மலரில் அண்ணனைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. வேறு யாரும் எழுத முன்வரவில்லை. அதனால் தங்கையாகிய நான் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது மலையாளத்துச் சித்தூருக்குக் கிழக்கே, எங்கள் ஊரிலேயே. தகப்பனார் இறந்ததும் பள்ளிக்கூடத்தை விட்டார். அம்மாவின் தம்பியான மாமாதான் எங்களைத் தூக்கி நிறுத்தினார். அதை நான் மறக்கவில்லை. யுத்த காலத்தில் ராணுவத்துக்கென்று வந்து, பிறகு ஏலத்தில் விட்ட ஒரு பிக்கப் வண்டியை மாமா எடுத்தார். அண்ணன் அதை ஓட்டினார். தோப்புகளில் தேங்காய் ஏற்றி, கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் பொள்ளாச்சியில் இறக்குவார். என் கல்யாணச் சீரும் அந்த வண்டியில்தான் போனது. பிரசவ வலி என்று யார் வந்து கூப்பிட்டாலும் ஏற்றிய தேங்காயை இறக்கிவைத்துவிட்டுப் போவார். அண்ணியிடம் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

கள் குடிப்பார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வண்டி ஓடாத நாளில் மட்டும். மறைத்து எழுத இது கல்யாணப் பத்திரிகை அல்ல.

இனி அந்தக் கடைசி வருஷம். ஆயுத பூஜைக்கு வண்டிக்குப் பெயிண்ட் அடிக்க மாமா ஆள் கூட்டி வந்தார். எஞ்சினையே வெளியே இறக்கி, அடிச்சட்டம் முழுக்கக் கறுப்பு பெயிண்டை வழித்துப் பூசினார்கள். பிறகு எஞ்சினை ஏற்றி, எல்லாவற்றையும் பெயிண்டின் மேலேயே திருகி முடுக்கினார்கள். வண்டி புதுசு போல நின்றது. அண்ணன்தான் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினார்.

அதற்குப் பிறகு வண்டி ஒழுங்காகக் கிளம்பவே இல்லை. பாட்டரியைத் தோளில் தூக்கிக்கொண்டு சித்தூருக்குப் போய்ச் சார்ஜ் ஏற்றி வருவார். ஆசிட் பட்டுச் சட்டையெல்லாம் ஓட்டை. சில நாள் ஓடும், மறுபடி படுத்துவிடும். மாமா உடனே தீர்ப்புச் சொன்னார்: லைட்டைப் போட்டுக்கொண்டு வண்டிக்குள் தூங்குகிறான்.

அண்ணன் தூங்கவில்லை. தேடிக்கொண்டிருந்தார். டைனமோவைக் கழற்றிப் பார்த்தார். டைனமோவிலிருந்து பாட்டரிக்குச் சார்ஜ் விடுகிற கட்அவுட்டை மாற்றினார். ராத்திரி நிறுத்தும்போது பாட்டரியின் கம்பியையே கழற்றி வைத்துப் பார்த்தார். அப்படியும் பாட்டரி இறங்கியது. கார்த்திகை மாதம் ஒரு நாள் மாமா சாப்பிட்டு எழுந்ததும் அண்ணன் வந்து கேட்டார். நான் அங்கேதான் இருந்தேன்.

"ஏனுங்க மாமா, எஞ்சினு ரப்பர் மேல உக்காந்திருக்குதுங்க. அதுக்கும் சட்டத்துக்கும் நடுவால போற எர்த் பட்டைக்குக் கீழ பெயிண்டு இருக்குதுங்க. அந்த எடத்த மட்டும் கொஞ்சம் சொரண்டிக்கறனுங்க."

"பூசை போட்ட வண்டில கத்தி படக்கூடாதுன்னு உனக்குத் தெரியாதா? தை பொறக்கட்டும்."

"வண்டியக் கிளப்ப சோக்க இழுத்தா எஞ்சினுக்குப் போற கம்பி சுடுதுங்க மாமா. கரண்டு திரும்பி வர வழியில்லாம அதுல வருதுங்க. பாட்டரிக்குச் சார்ஜும் ஏறறதில்லீங்க."

"கள்ளுக் குடிச்ச கைக்கு எல்லாந்தான் சுடும். இடுப்புல கட்டுன அரணாக்கவுறு சுடலியா?"

இருந்தவர்கள் சிரித்தார்கள். மாமாவுக்கு மோர் கொடுத்துக்கொண்டு நானும் சிரித்தேன். "மாமா சொன்னாக் கேளுண்ணா. தை எங்க ஓடியா போகுது?" என்றேன்.

"செரி புள்ள" என்றார் அண்ணன்.

அந்த வழக்கம் தாத்தாவின் மாட்டுவண்டிக்கு வைத்தது. பூஜை போட்ட மரவண்டியில் தை பிறக்கும்வரை உளி படக்கூடாது. மரத்துக்கு வைத்ததை இரும்புக்கும் வைத்தோம். எங்களில் ஒருவருக்கும் அது தப்பாகப் படவில்லை. அண்ணன் மாமாவின் சொல்லை மீறவில்லை. வேறொரு ஒயரை எடுத்துச் சட்டத்தில் இன்னோர் இடத்தில் கட்டிப் பார்த்தார். அங்கேயும் பெயிண்ட்தான்.

அப்புறம் உருட்டிக் கிளப்பத் தோதாகச் சரிவு பார்த்தே வண்டியை நிறுத்தினார். செக்போஸ்ட்டில் நிற்பவர்கள் கூட, "என்ன சேட்டா, இன்னைக்கும் தள்ளலா?" என்று கேட்டுவிட்டுக் கைகொடுப்பார்களாம். அதை எங்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வார்.

மார்கழியில் கோவிந்தாபுரம் பக்கத்துத் தோப்பில் லோடு ஏற்றினார். ஆட்கள் அடுத்த தோப்புக்குப் போய்விட்டார்கள். தனியாக, கதவைத் திறந்து பிடித்தபடி வண்டியைச் சரிவு வரைக்கும் தள்ளியிருக்கிறார். வண்டி உருண்டதும் தாவி ஏறப் பார்த்துக் கால் வழுக்கிவிட்டது. பின்சக்கரம் ஏறியது. அன்று காலை அவர் குடித்தது அண்ணி கரைத்துக் கொடுத்த பழைய சோறு. அண்ணி அதைச் சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. புருஷனை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாள் என்றோம்.

வண்டி கொட்டகையில் கிடந்தது. போன மாதம் அதை விற்கலாம் என்று மாமா சொன்னதால், என் வீட்டுக்காரர் முழுச் சார்ஜ் ஏற்றிய வேறு பாட்டரியை வைத்தார். லைட் பளிச்சென்று எரிந்தது. ஸ்டார்ட்டரை அமுக்கினால் ஒரு முனகல், அவ்வளவுதான். நான் உள்ளே உட்கார்ந்து சோக் கம்பியை இழுத்துப் பிடித்திருந்தேன். அவர் இன்னொரு தரம் அமுக்கினார். கை சுட்டது. கம்பியின் உறையிலிருந்து புகை வந்தது.

நான் கள் குடிப்பதில்லை, மாமா.

வீட்டுக்காரரிடம் எர்த் பட்டையைக் கழற்றச் சொன்னேன். அதன் கீழே கறுப்பு பெயிண்ட் அப்படியே தடிப்பாக இருந்தது. அரிவாள்மணையை எடுத்துவந்து நானே சுரண்டினேன். இரும்பு தெரிந்தது. அவர் பட்டையைத் திரும்ப முடுக்கி ஸ்டார்ட்டரை அமுக்கினார். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. அண்ணி சத்தம் கேட்டு வெளியே ஓடிவந்தார். கொட்டகை வாசலில் நின்று வண்டியையே பார்த்தார். அந்த எஞ்சின் அன்று ஓடாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. அண்ணன் செய்யக் கேட்டது அவ்வளவு சின்ன வேலை.

வெந்த விரல் ஆறிவிட்டது. "தை எங்க ஓடியா போகுது" என்று நான் சொன்னது ஆறவில்லை.

அண்ணனைச் சரிவிலிருந்து தூக்கி வந்த தோப்பு ஆட்களுக்கும், வழியில் போன வண்டியை நிறுத்தி ஏற்றி அனுப்பியவர்களுக்கும், காரியம் முடியும்வரை அண்ணியை விட்டு நகராத அண்ணியின் கூடப்பிறந்த தங்கைக்கும் இந்தக் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அன்று நீங்கள் எல்லோரும் உங்கள் வேலையைச் செய்தீர்கள். நாங்கள்தான் செய்யவில்லை.

மாமா, தலைத் திவசத்தன்று இந்த மலர் எல்லார் கையிலும் இருக்கும். படையல் முடிந்ததும், பந்தி போடுவதற்கு முன்னால், அன்று நின்ற அதே வாசலில் வந்து நில்லுங்கள். சுரண்டிக்கொள்ளட்டுமா என்று அண்ணன் உங்களிடம் கேட்டாரா, இல்லையா? நீங்கள் என்ன சொன்னீர்கள்? அண்ணியின் முகத்தைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். நீங்கள் சொல்லி முடித்ததும், மோர்ச் செம்போடு நின்று நான் என்ன சொன்னேன் என்பதை நானே சொல்கிறேன்.

நீங்கள் சொல்லும்வரை அந்தப் பந்தியில் நான் இலை போட மாட்டேன்.