அவன் சொன்ன என் சட்டைக் கதை

நான் கொத்தனார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் கூடியிருந்தால் எனக்கு வாய் திறக்காது. வேலையில் மட்டும் கொஞ்சம் பேசுவேன். சுவர் எழுப்பும்போது இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர் இருந்து, நடுவே நூலை இழுத்துக் கட்டிக்கொண்டு, செங்கல் வைத்தபடி நெருங்கி வருவோம். இருவர் கண்ணும் நூலில்தான் இருக்கும். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் எனக்கு அது சௌகரியம்.

ஒன்பது வருடமாக என் எதிர்முனையில் இருப்பவன் திண்டிவனத்துக்காரன். என்னைவிட ஆறு வயது இளையவன், பத்தாவது வரை படித்தவன். அவன் வாயைத் திறந்தால் சித்தாள் பெண்கள் சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கேட்பார்கள். என் மனைவிகூட ஒருமுறை, "இன்னா அழகா பேசுறாரு பாரு, உனக்கு வாய்க்கு பூட்டு போட்டாப்ல இருக்குது" என்றாள். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவனிடம்தான் என் சட்டைக் கதையைச் சொன்னேன். எனக்கு இருபது வயதிருக்கும். மண்டகப்பட்டுப் பாறைப் பக்கம் சினிமா எடுக்க வந்திருந்தார்கள். கட்டட வேலை செய்கிற ஆள் ஒருவன் வேண்டும் என்று கேட்டு, என்னையும் வரிசையில் நிறுத்தினார்கள். ஒருத்தர் என்னைப் பார்த்துவிட்டு, "ரொம்ப கருப்பா இருக்கியேப்பா, கேமராவுல பல்லு மட்டும்தான் தெரியும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சென்னையிலிருந்து வந்த சிவப்பான பையன் ஒருவனை உட்காரவைத்து, முகத்திலும் கையிலும் பழுப்புச் சாயம் பூசினார்கள். அவனுக்குப் போட சிமென்ட் கறை பட்ட சட்டை வேண்டியிருந்தது. என்னுடையதைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். சாயங்காலம் சட்டை திரும்பி வந்தபோது காலரில் அந்தச் சாயம் ஒட்டியிருந்தது. துவைத்தும் போகவில்லை.

இதை அவனிடம் சொன்ன சமயம், புதிதாக வந்த ஒரு படத்தைப் பற்றி எங்கே பார்த்தாலும் வாக்குவாதம். சிவப்பான நடிகைக்குக் கருப்பு பூசி, குடிசைப் பெண்ணாக நடிக்க வைத்திருந்தார்கள். கருப்பான பெண்ணே ஊரில் கிடைக்கவில்லையா என்று ஒரு பக்கம், நடிப்பு என்றால் அப்படித்தான் என்று ஒரு பக்கம். தேர்தல் மேடையில் ஒருத்தர் எதிர்க்கட்சிக்காரரின் நிறத்தைக் கிண்டல் செய்து பேசியது வேறு சேர்ந்துகொண்டது. விக்கிரவாண்டி டீக்கடையில் தினமும் இதே பேச்சு.

ஒருநாள் கொஞ்சம் தாமதமாக அந்தக் கடைக்குப் போனேன். உள்ளே என் வேலை ஜோடியின் குரல் கேட்டது.

"என் சட்டைய கழட்டி அவனுக்கு போட்டானுங்க. நான் விடுவனா? நேரா போனேன், அவன் மேல இருந்து பிடுங்கிக்கினு வந்துட்டேன்!"

கடையே கைதட்டியது. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். என் கதையைத் தன்னுடையதாக்கிக்கொண்டதைவிட, அவன் பிடுங்கிக்கொண்டு வந்ததாகச் சொன்னதுதான் என்னைச் சுட்டது. நான் பிடுங்கவில்லை. வெற்றுடம்போடு பாறை நிழலில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். படம் வந்ததும் என் சட்டையைப் பார்க்க மூன்று தடவை போனேன். அதை யாரிடமும் சொன்னதில்லை.

அதற்கடுத்த வாரம் அவன் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டான். வானூர் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் எங்களுக்கு வேலை. முப்பது வருடமாக இங்கே இருப்பவர், நம்மைப் போலவே பேசுவார். சாப்பாட்டு வேளையில் சித்தாள் ஒருத்தி போனில் பழைய காமெடி போட்டாள். வட்டிக்கடை சேட்டு ஒருவன் வாயைக் கோணிக்கொண்டு தமிழைக் கடித்துப் பேச, எல்லாரும் சிரித்தோம். அவரும் வந்து பார்த்தார். சிரிக்கவில்லை.

"எங்க தாத்தா ஊர்லயும் இந்த மாதிரி படம் போட்டாங்க" என்றார். "நாங்க யூதருங்க. மூக்கை பெருசா வச்சி, வட்டிக்காரன், ஏமாத்துறவன்னு காட்டுவாங்க. ஜனங்க சிரிப்பாங்க. அப்புறம் மேடையில பேசுறவங்களும் அதையே சொன்னாங்க. கடைசியில தாத்தா தெருவுல எங்க ஆளுங்க ஒருத்தரும் இல்ல."

சித்தாள் போனை அணைத்துவிட்டாள். என் ஜோடி திரும்பி வந்ததும் நூல் கட்டினோம், கல் வைத்தோம். அவர் சொன்னதை நான் சொல்லவில்லை. சொன்னால் இவன் அதைத் தன் தாத்தாவுக்கு நடந்ததாக ஆக்கிவிடுவான் என்று நினைத்துக்கொண்டேன்.

டீக்கடையில் கேட்ட யாரோ சொல்லி, விழுப்புரத்தில் சினிமாவில் காட்டப்படும் நிறத்தையும் இனத்தையும் பற்றிய கூட்டத்தில் பேச அவனைக் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம். நானும் மனைவியும் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். அவன் சலவைச் சட்டை போட்டு, மேடையில் கல்லூரி வாத்தியாருக்குப் பக்கத்தில் இருந்தான். என் கதையைச் சொன்னான். இந்த முறை பிடுங்கியதோடு நிற்காமல், சட்டையை அவர்கள் முகத்தில் வீசிவிட்டும் வந்தான். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். என் மனைவியும் துடைத்தாள். அவளிடம்கூட நான் இதைச் சொன்னதில்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

பிறகு ஒரு கல்லூரிப் பெண் எழுந்து, "நம்ம படத்துல சேட்ட கிண்டல் பண்றோம், வடக்கேருந்து வேலைக்கு வர்றவங்கள கிண்டல் பண்றோமே, அது மட்டும் சரியா?" என்று கேட்டாள்.

அவன் மைக்கை இழுத்து, சேட்டு மாதிரி வாயைக் கோணினான். "நம்பள்கி சொல்றான் நிம்பள்கி கேக்குறான்! அது சும்மா தமாஷும்மா. சேட்டுக்கு அதனால வட்டி குறைஞ்சிடுமா?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மாட்டினான் என்று இருந்தது. நியாயத்துக்காக எழுந்தேன் என்று சொன்னால் பொய். அவன் தப்பு செய்ததை எல்லாரும் பார்க்க வேண்டும் என்றுதான் எழுந்தேன். ஆனால் வாயைத் திறந்தபோது அந்த வெள்ளைக்காரரின் முகம்தான் வந்தது.

"தமாஷுன்னுதான் ஆரம்பிக்குதுங்க" என்றேன். யாரோ "சத்தமா" என்றார்கள். யூதர், மூக்கு, படம், மேடை, தாத்தா இருந்த தெரு. முன்னும் பின்னுமாக எல்லாவற்றையும் சொன்னேன். "எவனுக்கோ கருப்பு பூசி என்ன மாதிரி காட்டினா எனக்கு வலிக்குது. அவருக்கு மூக்கு வச்சா வலிக்காதுங்களா?" என்று முடித்து உட்கார்ந்துவிட்டேன். ஒருவரும் கைதட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. அந்தப் பெண் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அவன் எங்கள் முன்சீட்டில் உட்கார்ந்து பின்னால் திரும்பினான். அவன் முகத்தில் கோபமே இல்லை.

"ஏண்ணா, இவ்ளோ நல்ல விஷயத்த வச்சிக்கினு எங்கிட்ட சொல்லவே இல்லியே? அடுத்த மாசம் திண்டிவனத்துல கூட்டமாம், கூப்ட்டாங்க. அத நான் சேத்து சொல்லிக்கட்டுமா?"

"வேணாம். நான் சொல்றேன்."

"நீயா? மைக்க பாத்தாலே உனக்கு கால் நடுங்குமே!"

"நடுங்கட்டும். சட்டை கதையும் நான்தான் சொல்லுவேன். அது என்னுது."

மனைவி என் பக்கம் திரும்பினாள். "உன்னுதா?"

"என்னுதுதான். பிடுங்கல, வீசல. சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தேன். அப்புறம் மூணு வாட்டி போயி படம் பாத்தேன்."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "அப்படி சொன்னா எவனும் கை தட்ட மாட்டாண்ணா" என்றான்.

"தட்ட வேணாம்" என்றேன். அவனுக்குத் தட்டியதில் பாதியாவது எனக்கும் தட்ட வேண்டும் என்றுதான் அப்போதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.